வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு இடையே பாஸ்வேர்டோடு ஃபோல்டர் ஷேரிங்: முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு டெஸ்க்டாப் இருக்கிறது. அக்காவிடம் ஒரு லேப்டாப், தம்பியிடம் ஒன்று. அப்பா ஸ்கேன் செய்து வைத்த பத்திரம், பட்டா, காப்பீட்டுத் தாள்கள், இத்தனை வருடப் போட்டோக்கள் எல்லாமே டெஸ்க்டாப்பில்தான். யாருக்கு என்ன வேண்டுமென்றாலும் பென் டிரைவைத் தேடுகிற நிலை இருந்ததால், ஒருநாள் உட்கார்ந்து ஃபோல்டர்களை நெட்வொர்க்கில் ஷேர் செய்தேன். பாஸ்வேர்டு கேட்டுத் தொல்லை கொடுத்தது. பாஸ்வேர்டு கேட்க வைக்கும் சுவிட்சை அணைத்ததும் எல்லா லேப்டாப்பிலும் திறந்துகொண்டது. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த கோடை விடுமுறையில் வீட்டுக்கு வந்த பிள்ளைகள் தம்பியின் லேப்டாப்பில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அன்று மாலை அக்கா கல்யாணப் போட்டோ ஃபோல்டர் காணவில்லை. டெஸ்க்டாப் ரீசைக்கிள் பின்னில் இல்லை, லேப்டாப்பிலும் இல்லை. நெட்வொர்க் வழியாக அழிக்கும் ஃபைல் ரீசைக்கிள் பின்னுக்குப் போவதே இல்லை, நேரடியாக அழிந்துவிடும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வெளி ஹார்டு டிஸ்கில் நான்கு மாதப் பழைய நகல் ஒன்று இருந்ததால் படங்கள் தப்பின. அந்தப் பிள்ளைகள் மேல் ஒரு குற்றமும் இல்லை. யார் வேண்டுமானாலும் அழிக்கலாம் என்று திறந்து வைத்தவன் நான்.

அதன்பிறகு மறுபடி அடியிலிருந்து கட்டிய முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். விண்டோஸ் 11-ஐ மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் முடித்துக்கொண்டாலும் பல வீடுகளில் அது இன்னும் ஓடுவதால், வேறுபடும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். திரையில் ஆங்கிலத்தில் தெரியும் மெனுப் பெயர்களை ஒலிப்படியே தமிழில் தந்திருக்கிறேன். கம்ப்யூட்டர் பெயர், பயனர் பெயர், கமாண்டு ஆகியவற்றை நீங்கள் ஆங்கில எழுத்திலேயே தட்ட வேண்டும்.

பூட்டு எங்கே இருக்கிறது

"இந்த ஃபோல்டருக்கு ஒரு பாஸ்வேர்டு போடணும்" என்றுதான் எல்லோரும் தொடங்குகிறோம். பிறகு ஃபோல்டரின் புராப்பர்டீஸில் பாஸ்வேர்டு பெட்டியைத் தேடித் தேடி அலுத்துப்போகிறோம். இன்றைய விண்டோஸில் அப்படியொரு பெட்டி கிடையாது. பாஸ்வேர்டு ஆளுக்கு உரியது. எந்த ஆள் எந்த ஃபோல்டருக்குள் வரலாம் என்ற பட்டியல் ஃபோல்டரிடம் இருக்கும். வங்கி லாக்கர் அறையை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் நீங்கள் யார் என்று நிரூபிக்கிறீர்கள், பிறகு உங்கள் பெயரில் உள்ள பெட்டி மட்டும் திறக்கிறது.

விண்டோஸ் 95, 98 காலத்தில் ஃபோல்டருக்கே பாஸ்வேர்டு வைக்கும் முறை உண்மையிலேயே இருந்தது. படிக்க ஒரு பாஸ்வேர்டு, முழு உரிமைக்கு இன்னொன்று. அதில் பெரிய ஓட்டை ஒன்றும் இருந்தது. தாக்குபவர் பாஸ்வேர்டு முழுவதையும் தெரிந்துகொள்ளத் தேவையில்லை, முதல் எழுத்தைக் கண்டுபிடித்தாலே உள்ளே போய்விடலாம். 2000 அக்டோபரில்தான் மைக்ரோசாஃப்ட் அதை அடைத்தது. வீட்டில் எல்லோரும் ஒரே பாஸ்வேர்டைப் பகிரும் முறைக்கு வேறொரு குறையும் உண்டு: யார் வந்தார், யார் அழித்தார் என்று தெரியவே தெரியாது.

விண்டோஸ் 7-ல் ஹோம்குரூப் என்ற வசதி வந்தது. வீடு முழுக்க ஒரே பாஸ்வேர்டு. 2018-ல் வெளியான விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பில் அதையும் எடுத்துவிட்டார்கள். ஹோம்குரூப்பைச் சொல்லித்தரும் பழைய வழிகாட்டி கண்ணில் பட்டால் ஒதுக்கிவிடுங்கள்.

ஆகவே வேலை மூன்று கட்டம். ஒவ்வொருவருக்கும் டெஸ்க்டாப்பில் ஒரு அக்கவுண்ட். பாஸ்வேர்டு கட்டாயம் என்ற சுவிட்ச். ஒவ்வொரு ஃபோல்டரிலும் பெயர்ப் பட்டியல்.

முதலில் நெட்வொர்க்கைப் பாருங்கள்

பாதிப் பிரச்சினைகள் இங்கேதான் தொடங்குகின்றன, ஆனால் யாரும் இங்கே பார்ப்பதில்லை.

எல்லாக் கம்ப்யூட்டர்களும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கின்றனவா என்று உறுதி செய்யுங்கள். ஃபைபர் இணைப்பு தருபவர்கள் மாட்டிய பெட்டியே ஒரு ரவுட்டர். மாடிக்கு சிக்னல் வரவில்லை என்று நாம் வாங்கி மாட்டியது இன்னொரு ரவுட்டர். இரண்டும் தனித்தனியே முகவரி கொடுத்தால் கீழே உள்ள டெஸ்க்டாப்புக்கு 192.168.1.10 என்றும், மாடி லேப்டாப்புக்கு 192.168.0.5 என்றும் வரும். இண்டர்நெட் இரண்டிலும் நன்றாக ஓடும். ஆனால் கீழிருந்து பார்த்தால் மாடிக் கம்ப்யூட்டர் கண்ணுக்கே தெரியாது. இரண்டாவது ரவுட்டரை அதன் செட்டிங்கில் ஆக்சஸ் பாயிண்ட் மோடுக்கு (தனியாக முகவரி கொடுக்காமல் சிக்னலை மட்டும் பரப்பும் முறைக்கு) மாற்றினால் இது சரியாகிவிடும். முகவரியைப் பார்க்க செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இண்டர்நெட் போய், உங்கள் இணைப்பின் புராப்பர்டீஸில் ஐபிவி4 அட்ரஸ் என்ற வரியைப் பாருங்கள். முதல் மூன்று எண்களும் எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கெஸ்ட் வைஃபையில் இருக்கும் லேப்டாப்பிலிருந்தும் ஷேரிங் நடக்காது. விருந்தினர் உங்கள் கம்ப்யூட்டர்களைத் தொடக்கூடாது என்பதற்காகத்தான் கெஸ்ட் வைஃபை. அது குறை இல்லை, நன்மை. வீட்டுக்கு வருபவர்களுக்கு அதையே கொடுங்கள்.

அதே புராப்பர்டீஸ் பக்கத்தில் நெட்வொர்க் புரொஃபைல் டைப் என்று இருக்கும். டெஸ்க்டாப்பில் அதை பிரைவேட் நெட்வொர்க் ஆக்குங்கள். பப்ளிக் என்று இருந்தால் ஃபயர்வால் ஷேரிங்கைத் தடுத்துவிடும். லேப்டாப்பில் வீட்டு வைஃபைக்கு மட்டும் பிரைவேட் போதும். ரயில் நிலையம், கல்லூரி விடுதி வைஃபைகளை பப்ளிக்காகவே விடுங்கள்.

டெஸ்க்டாப்புக்கு ஒரு நல்ல பெயர் வைக்கவும். செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் பக்கத்தில் ரீநேம் திஸ் பிசி. 15 எழுத்துக்குள், இடைவெளி இல்லாமல், ஆங்கிலத்தில். நான் "கூடம்" என்று வைத்திருக்கிறேன். மாற்றியதும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். பவர் செட்டிங்கில் ஸ்லீப் நேரத்தையும் நீட்டிவிடுங்கள். டெஸ்க்டாப் தூங்கிவிட்டால் ஃபோல்டர்களும் கிடைக்காது. திரை அணையலாம், கம்ப்யூட்டர் விழித்திருக்க வேண்டும்.

ஆளுக்கு ஒரு அக்கவுண்ட்

இதில்தான் பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள் என்பதால் நிதானமாகச் சொல்கிறேன்.

நாம் தினமும் லாகின் செய்ய நான்கு இலக்க பின், கைரேகை, முகம் என்று பயன்படுத்துகிறோம். இவை எதுவும் நெட்வொர்க் வழியாகச் செல்லாது. பின் எண் அந்த ஒரு கம்ப்யூட்டருக்குள் மட்டும் செல்லுபடியாகும். நெட்வொர்க்கில் கேட்கப்படுவது அக்கவுண்டின் உண்மையான பாஸ்வேர்டு. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் வைத்திருப்பவர்கள் மின்னஞ்சல் முகவரியையும் அதன் பாஸ்வேர்டையும் தர வேண்டியிருக்கும். மாதக்கணக்கில் பின் மட்டுமே போட்டு வந்தவருக்கு அந்த பாஸ்வேர்டு நினைவில் இருக்காது. நினைவிருந்து சரியாகத் தட்டினாலும் சில சமயம் தவறு என்றே வரும்.

இன்னொன்று, பாஸ்வேர்டே இல்லாத அக்கவுண்ட் மூலம் நெட்வொர்க்கில் நுழைய முடியாது. வெற்றுப் பாஸ்வேர்டு உள்ள லோக்கல் அக்கவுண்டை (மின்னஞ்சலோடு இணையாமல் ஒரு கம்ப்யூட்டருக்குள் மட்டும் இருக்கும் அக்கவுண்டை) அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மட்டுமே பயன்படுத்தலாம் என்பது விண்டோஸின் இயல்பான விதி. நல்ல விதி, அதை மாற்றாதீர்கள்.

அதனால் என் தீர்மானமான யோசனை: ஷேரிங்குக்கு என்று டெஸ்க்டாப்பில் தனி லோக்கல் அக்கவுண்டுகள் உருவாக்குங்கள். யாருடைய மின்னஞ்சலும் இதில் கலக்க வேண்டாம்.

1. செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ் போய் ஆட் அக்கவுண்ட் அழுத்துங்கள்.
2. மின்னஞ்சல் கேட்கும் பெட்டிக்குக் கீழே, இவருடைய சைன்-இன் விவரம் என்னிடம் இல்லை என்ற பொருளில் சிறிய இணைப்பு இருக்கும். அதை அழுத்துங்கள்.
3. அடுத்த பக்கத்தில் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் இல்லாமல் பயனரைச் சேர் என்ற இணைப்பு வரும். அதையும் அழுத்துங்கள்.
4. பயனர் பெயர், பாஸ்வேர்டு, மூன்று பாதுகாப்புக் கேள்விகளுக்கான பதில்கள் ஆகியவற்றைக் கொடுங்கள்.

அக்காவுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று என்று உருவாக்குங்கள். அக்கவுண்ட் வகை ஸ்டாண்டர்டு யூசராகவே இருக்கட்டும். யாரையும் அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்க வேண்டாம். பாஸ்வேர்டு 12 எழுத்துக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. தொடர்பில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்து வைத்தால் நினைவிலும் நிற்கும், ஊகிக்கவும் கடினம். லேப்டாப்பில் ஒருமுறை மட்டுமே தட்டப் போகிறோம், அதனால் நீளம் ஒரு சுமை இல்லை. பாதுகாப்புக் கேள்விகளுக்கு உண்மைப் பதில் கொடுக்காதீர்கள். பிறந்த ஊர் என்ன என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும்.

கமாண்டு பிராம்ப்ட்டில் (கட்டளைகளை எழுத்தில் தட்டும் கறுப்புப் பெட்டியில்) ஒரே வரியில் அக்கவுண்ட் உருவாக்கும் வழியும் உண்டு. நான் முதலில் அப்படித்தான் செய்தேன். ஒன்றரை மாதம் கழித்து ஒரே நாளில் எல்லா லேப்டாப்பிலும் ஷேரிங் நின்றது. விண்டோஸின் இயல்பான பாஸ்வேர்டு ஆயுள் 42 நாள். அந்த வழியில் உருவாக்கிய அக்கவுண்டுக்கு அந்தக் கெடு பொருந்தியிருந்தது. புரோ பதிப்பு என்றால் கம்ப்யூட்டர் மேனேஜ்மெண்டில் லோக்கல் யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ் பகுதியில் அந்த அக்கவுண்டைத் திறந்து, பாஸ்வேர்டு நெவர் எக்ஸ்பயர்ஸ் என்பதில் டிக் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

மூன்று சுவிட்சுகள்

டெஸ்க்டாப்பில் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இண்டர்நெட், அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ். விண்டோஸ் 10-ல் இது கண்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டருக்குள் இருக்கிறது.

பிரைவேட் நெட்வொர்க்ஸ் பகுதியில் நெட்வொர்க் டிஸ்கவரி, ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங் இரண்டையும் ஆன் செய்யுங்கள். பப்ளிக் பகுதியில் இரண்டும் ஆஃப். ஆல் நெட்வொர்க்ஸ் பகுதியில் பாஸ்வேர்டு புரொடெக்டெட் ஷேரிங் ஆன். நான் முன்பு அணைத்து வைத்திருந்தது இதைத்தான். அங்கேயே இருக்கும் பப்ளிக் ஃபோல்டர் ஷேரிங்கை ஆஃப் செய்துவிடுங்கள், வீட்டில் அதற்குத் தேவை இல்லை.

"பாஸ்வேர்டு கேட்கிறதா, இதை அணைத்துவிடு" என்பது இன்றும் பரவலாகச் சொல்லப்படும் அறிவுரை. அணைத்தாலும் இப்போது பல இடங்களில் பலிப்பதில்லை. விண்டோஸ் 11 புரோவின் 24எச்2 பதிப்பிலிருந்து, பாஸ்வேர்டு கேட்காத கெஸ்ட் முறையில் இன்னொரு கம்ப்யூட்டருக்குள் நுழைவதை விண்டோஸே இயல்பாகத் தடுக்கிறது. அந்தத் தடையை உடைக்க நேரம் செலவழிப்பதைவிட அக்கவுண்ட் உருவாக்குவது எளிது.

ஃபோல்டரும் இரண்டு கதவுகளும்

ஷேர் செய்யும் ஃபோல்டரை டி டிரைவில் நேரடியாக உருவாக்குங்கள். டெஸ்க்டாப் திரையிலோ டாக்குமெண்ட்ஸுக்குள்ளோ இருப்பதை ரைட் கிளிக் செய்து கிவ் ஆக்சஸ் டு வழியாக ஷேர் செய்தால், விண்டோஸ் சி டிரைவின் யூசர்ஸ் ஃபோல்டரையே நெட்வொர்க்கில் ஏற்றி, அதற்குள் உங்கள் ஃபோல்டரைக் காட்டும். நீங்கள் நினைத்ததைவிடப் பெரிய வாசல் திறந்துவிடும். அந்த எளிய வழியை நான் வீட்டில் பயன்படுத்துவதில்லை.

எங்கள் டி டிரைவில் மூன்று ஃபோல்டர்கள். ஆவணம்: அக்கா மட்டும் படிக்கலாம், தம்பிக்குத் தெரியவே வேண்டாம். படங்கள்: இருவரும் பார்க்கலாம், யாரும் அழிக்க முடியாது. வரவு: இருவரும் எதையும் போடலாம், எடுக்கலாம். புதுப் போட்டோக்கள் வரவில் வந்து சேரும். வாரக் கடைசியில் நான் டெஸ்க்டாப்பில் உட்கார்ந்து அவற்றைப் படங்களுக்கு மாற்றுவேன். கல்யாணப் படங்கள் காணாமல் போன அனுபவத்திலிருந்து வந்த ஏற்பாடு இது.

நெட்வொர்க்கிலிருந்து வருபவர் இரண்டு கதவுகளைக் கடக்க வேண்டும். வெளிக்கதவு ஷேர் பெர்மிஷன். உள்கதவு, ஃபோல்டரின் செக்யூரிட்டி டேபில் இருக்கும் என்டிஎஃப்எஸ் பெர்மிஷன் (விண்டோஸ் டிஸ்குகளின் வழக்கமான வடிவம் என்டிஎஃப்எஸ்). இரண்டில் எது குறைவாக அனுமதிக்கிறதோ அதுவே நடக்கும். வெளியே முழு உரிமை, உள்ளே படிக்க மட்டும் என்றால் படிக்க மட்டுமே முடியும்.

வெளிக்கதவு:

1. ஃபோல்டரில் ரைட் கிளிக், புராப்பர்டீஸ், ஷேரிங் டேப், அட்வான்ஸ்டு ஷேரிங்.
2. ஷேர் திஸ் ஃபோல்டர் என்பதில் டிக். ஷேர் பெயரை ஆங்கிலத்தில் சுருக்கமாக வையுங்கள். உள்ளிருக்கும் ஃபைல்களுக்குத் தமிழ்ப் பெயர் தாராளமாக இருக்கலாம்.
3. பெர்மிஷன்ஸ் அழுத்துங்கள். எவ்ரிஒன் என்ற பெயர் படிக்கும் உரிமையோடு ஏற்கெனவே இருக்கும். அதை ரிமூவ் செய்யுங்கள்.
4. ஆட் அழுத்தி, பயனர் பெயரைத் தட்டி, செக் நேம்ஸ் அழுத்துங்கள். பெயர் சரியென்றால் முன்னால் கம்ப்யூட்டர் பெயர் சேர்ந்து அடிக்கோடு விழும்.
5. படிக்க மட்டும் என்றால் ரீட். எழுதவும் வேண்டும் என்றால் சேஞ்ச். ஃபுல் கண்ட்ரோல் யாருக்கும் தேவைப்படாது.

ஷேர் பெயரின் கடைசியில் டாலர் குறி சேர்த்தால் நெட்வொர்க் பட்டியலில் அது தெரியாது. முழு முகவரியைத் தட்டினால் மட்டும் திறக்கும். ஆவணம் ஃபோல்டருக்கு அப்படி வைத்திருக்கிறேன். அது மறைப்பு மட்டுமே, காவல் செய்வது பெயர்ப் பட்டியல்தான்.

உள்கதவு கொஞ்சம் கவனம் கேட்கும். டி டிரைவில் புதிதாக உருவாக்கும் ஃபோல்டருக்கு, டிரைவிலிருந்தே சில உரிமைகள் வழிவழியாக வந்து சேரும். அதில் ஆதென்டிகேட்டட் யூசர்ஸ் என்ற குழுவுக்குப் பொதுவாக மாடிஃபை உரிமை இருக்கும். அந்தக் கம்ப்யூட்டரில் அக்கவுண்ட் உள்ள எவரும் அழிக்கலாம் என்று அர்த்தம். இதை இறுக்க வேண்டும்.

செக்யூரிட்டி டேபில் அட்வான்ஸ்டு போங்கள். எதையும் நீக்கும் முன் முதலில் உங்கள் சொந்த அக்கவுண்டை ஆட் செய்து அதற்கு ஃபுல் கண்ட்ரோல் கொடுங்கள். நீங்கள் அட்மினிஸ்ட்ரேட்டராக இருந்தாலும் இதைச் செய்யுங்கள். இல்லாவிட்டால் பிறகு உங்கள் ஃபோல்டரை நீங்களே திறக்கும்போது அனுமதி இல்லை என்று வரும். அடுத்து டிஸேபிள் இன்ஹெரிடன்ஸ் அழுத்தி, வந்த உரிமைகளை இங்கேயே வைத்துக்கொள் என்ற பொருள்படும் கன்வெர்ட் வழியைத் தேர்ந்தெடுங்கள். இப்போது ஆதென்டிகேட்டட் யூசர்ஸ், யூசர்ஸ் இரண்டையும் ரிமூவ் செய்யலாம். சிஸ்டம், அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் இரண்டையும் தொடாதீர்கள். கடைசியாக அக்காவையோ தம்பியையோ சேர்த்து, படிக்க ரீட் அண்ட் எக்ஸிக்யூட், எழுத மாடிஃபை கொடுங்கள்.

ஒரு நுணுக்கம். ஒரே டிரைவுக்குள் ஃபைலை மூவ் செய்தால் அது பழைய இடத்தின் உரிமையையே சுமந்து வரும். காப்பி செய்தால்தான் புது ஃபோல்டரின் உரிமையை ஏற்கும். "எல்லாப் படமும் திறக்கிறது, இந்த நாலு மட்டும் திறக்கவில்லை" என்று அக்கா சொன்னால் காரணம் இதுதான். அட்வான்ஸ்டு பக்கத்தின் அடியில் ரீப்ளேஸ் ஆல் சைல்டு ஆப்ஜெக்ட் என்று தொடங்கும் பெட்டியை டிக் செய்து அப்ளை கொடுத்தால் உள்ளிருக்கும் எல்லாமே புதிய உரிமைக்கு வந்துவிடும்.

எக்ஸ்ஃபேட், ஃபேட்32 வடிவத்தில் உள்ள வெளி ஹார்டு டிஸ்கை ஷேர் செய்தால் செக்யூரிட்டி டேபே இருக்காது. அங்கே வெளிக்கதவு ஒன்றுதான்.

லேப்டாப்பிலிருந்து நுழைவது

ஃபைல் எக்ஸ்புளோரரில் நெட்வொர்க் என்பதை அழுத்திக் கம்ப்யூட்டர் பெயர் தெரிகிறதா என்று காத்திருக்க வேண்டியதில்லை. மேலே முகவரிப் பட்டையில் \\கூடம் என்று (ஆங்கிலத்தில்) தட்டி எண்டர் கொடுங்கள். பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். பயனர் பெயரை கூடம்\அக்கா என்று கம்ப்யூட்டர் பெயரோடு சேர்த்துத் தாருங்கள். வெறும் பெயரை மட்டும் கொடுத்தால் விண்டோஸ் சில நேரம் அதை லேப்டாப்பின் அக்கவுண்டாக எடுத்துக்கொண்டு, சரியான பாஸ்வேர்டையே தவறு என்று சொல்லும்.

தினமும் தேவை என்றால் டிரைவாக மாற்றிக்கொள்ளலாம். திஸ் பிசி திறந்து, மூன்று புள்ளி மெனுவில் மேப் நெட்வொர்க் டிரைவ். ஒரு எழுத்தைத் தேர்ந்து, \\கூடம்\படங்கள் என்று கொடுங்கள். ரீகனெக்ட் அட் சைன்-இன், கனெக்ட் யூசிங் டிஃபரண்ட் கிரெடென்ஷியல்ஸ் இரண்டிலும் டிக். வயதானவர்களுக்கு இதுவே வசதி. எங்கள் அம்மாவுக்கு அது "இசட் டிரைவ்", அவ்வளவுதான்.

பாஸ்வேர்டு கேட்கும் பெட்டியில் ரிமெம்பர் என்பதை டிக் செய்தால், அது லேப்டாப்பின் கிரெடென்ஷியல் மேனேஜரில், விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ் பகுதியில் சேமிக்கப்படுகிறது. கண்ட்ரோல் பேனலில் அந்தப் பதிவைத் திறந்து மாற்றலாம், நீக்கலாம். லேப்டாப்பைத் திறப்பவர் எவரும் அந்தப் பாஸ்வேர்டின் பலத்தில் உள்ளே போய்விடலாம் என்பதால், லேப்டாப்புக்கும் பூட்டு இருக்க வேண்டும்.

நுழைந்ததும் சோதித்துப் பாருங்கள். தம்பி லேப்டாப்பிலிருந்து படங்கள் ஃபோல்டரில் ஒரு புது ஃபைல் உருவாக்க முயலுங்கள், முடியக்கூடாது. ஆவணத்தின் முழு முகவரியைத் தட்டிப் பாருங்கள், மறுக்க வேண்டும். திறக்க வேண்டியது திறப்பதை எல்லோரும் பார்ப்போம். மூடியிருக்க வேண்டியது மூடியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் முக்கியமான சோதனை.

டெஸ்க்டாப்பில் கம்ப்யூட்டர் மேனேஜ்மெண்ட், ஷேர்டு ஃபோல்டர்ஸ் என்று போனால் எதெல்லாம் ஷேரில் இருக்கிறது, இப்போது யார் உள்ளே இருக்கிறார், எந்த ஃபைலைத் திறந்திருக்கிறார் என்பதெல்லாம் தெரியும். சி டாலர், அட்மின் டாலர் என்ற பெயர்களைப் பார்த்து பயப்பட வேண்டாம். விண்டோஸ் தன் நிர்வாகத்துக்காக வைத்திருப்பவை அவை.

மேக், லினக்ஸ், போன்

இந்தப் பரிமாற்றத்துக்கு எஸ்எம்பி என்று பெயர். அது எல்லா இடத்திலும் புரியும் மொழி. மேக்கில் ஃபைண்டரின் கோ மெனுவில் கனெக்ட் டு சர்வர் திறந்து எஸ்எம்பி://192.168.1.10 என்று தாருங்கள். ஐபோனின் ஃபைல்ஸ் ஆப்பில் 2019-ல் வந்த ஐஓஎஸ் 13 முதலே கனெக்ட் டு சர்வர் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் எஸ்எம்பி உள்ள ஃபைல் மேனேஜர் ஒன்று போதும். அதே பயனர் பெயர், அதே பாஸ்வேர்டு. லினக்ஸ் கம்ப்யூட்டரே ஃபோல்டரைத் தருவதாக இருந்தால் சாம்பா (லினக்ஸில் எஸ்எம்பி பேசும் மென்பொருள்) வேண்டும். அதில் ஒன்றை மறக்காதீர்கள்: லினக்ஸில் லாகின் செய்யும் பாஸ்வேர்டு தானாகச் சாம்பாவுக்குப் பொருந்தாது, சாம்பாவுக்கென்று தனியாக ஒருமுறை பாஸ்வேர்டு வைக்க வேண்டும்.

திறக்காதபோது

முதலில் பெயருக்குப் பதில் எண் முகவரியைத் தட்டுங்கள்: \\192.168.1.10. எண்ணில் திறந்து பெயரில் திறக்காவிட்டால் பாஸ்வேர்டிலும் உரிமையிலும் குறை இல்லை, பெயரைக் கண்டுபிடிப்பதில்தான் சிக்கல். டெஸ்க்டாப்பில் சர்வீசஸ் திறந்து, ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன் என்பதை ஆட்டோமேட்டிக் ஆக்கி ஸ்டார்ட் செய்யுங்கள். அது ஓடாவிட்டால் நெட்வொர்க் பட்டியலில் கம்ப்யூட்டர் தலைகாட்டாது. ரவுட்டர் அவ்வப்போது எண்ணை மாற்றித் தருவதும் உண்டு. ரவுட்டர் செட்டிங்கில் டிஎச்சிபி ரிசர்வேஷன் பகுதியில் டெஸ்க்டாப்புக்கு ஒரு எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டால் அந்தத் தொல்லை தீரும்.

எண்ணிலும் திறக்கவில்லை என்றால் மேலே சொன்ன பிரைவேட் நெட்வொர்க், இரட்டை ரவுட்டர், ஸ்லீப் மூன்றையும் மறுபடி பாருங்கள். தனியாக வாங்கிய ஆன்டிவைரஸ் தன் சொந்த ஃபயர்வாலை வைத்திருந்தால், அதிலும் வீட்டு நெட்வொர்க்கை நம்பகமானது என்று குறிக்க வேண்டும்.

ஒரே கம்ப்யூட்டருக்கு ஒரே பயனர் இரண்டு பெயரில் இணைய முடியாது என்று நீளமாக ஒரு செய்தி வரும். எண் 1219. அக்கா பெயரில் படங்களைத் திறந்துவிட்டு, அதே லேப்டாப்பில் தம்பி பெயரில் வரவைத் திறக்கப் பார்த்தால் இது வரும். கமாண்டு பிராம்ப்ட்டில் நெட் யூஸ் * /டெலீட் என்று ஆங்கிலத்தில் தட்டினால் பழைய இணைப்புகள் அறுந்துவிடும். மேப் செய்த டிரைவ்களும் போய்விடும், மறுபடி மேப் செய்ய வேண்டும். கிரெடென்ஷியல் மேனேஜரில் இருக்கும் பழைய பதிவையும் நீக்கிவிட்டு சைன் அவுட் செய்து வாருங்கள்.

பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டே இருக்காதீர்கள். விண்டோஸ் 11-இன் 22எச்2 முதல் புதிதாக நிறுவிய கம்ப்யூட்டர்களில் பத்து முறை தவறினால் அக்கவுண்ட் பத்து நிமிடம் பூட்டிக்கொள்ளும். அதன்பின் சரியான பாஸ்வேர்டும் தவறாகவே தெரியும். டீ போட்டுக் குடித்துவிட்டு வந்து நிதானமாகத் தட்டுங்கள்.

எஸ்எம்பியின் மிகப் பழைய பதிப்பான எஸ்எம்பி1-ஐ இயக்கினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் செய்யாதீர்கள். 2017 மே மாதம் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை என்ற கெடுநிரல் பரவியது அந்தப் பழைய முறையின் ஓட்டை வழியாகத்தான். அதை அடைக்கும் அப்டேட் அந்த மார்ச் மாதமே வெளியாகியிருந்தது, போடாத கம்ப்யூட்டர்கள் மாட்டிக்கொண்டன. அந்த வருட இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எஸ்எம்பி1 இயல்பாக நிறுவப்படுவதில்லை. அது இல்லாமல் இயங்காத பழைய டிவி பெட்டி ஒன்றுக்காக, பத்திரங்கள் இருக்கும் கம்ப்யூட்டரின் கதவைத் திறக்க வேண்டாம்.

இதே காரணத்தால் ரவுட்டரில் எஸ்எம்பி பயன்படுத்தும் 445-ஆம் போர்ட்டை வெளியுலகுக்குத் திறந்துவிடவும் கூடாது. வெளியூரிலிருந்து ஃபைல் வேண்டும் என்றால் விபிஎன் (இண்டர்நெட் வழியே செல்லும் பூட்டிய தனிப்பாதை) வழியாக வீட்டு நெட்வொர்க்குக்குள் வந்து எடுப்பதே முறை.

வேகம் போதவில்லை என்றால்

மலிவான ரவுட்டர்களில் கேபிள் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான் (நொடிக்கு 100 மெகாபிட்). ஃபைல் நொடிக்கு 11 எம்பி (மெகாபைட்) அளவில் செல்லும். 20 ஜிபி போட்டோவுக்கு அரைமணி நேரம். கிகாபிட் போர்ட்டும் அதற்கேற்ற கேபிளும் இருந்தால் நொடிக்கு 110 எம்பி வரை போகும், மூன்று நிமிட வேலை. டெஸ்க்டாப்பை மட்டுமாவது கேபிளில் இணையுங்கள்.

நகலும் நிறுத்தமும்

ஃபோல்டரை ஷேர் செய்திருப்பதே பேக்கப் (பாதுகாப்பு நகல்) ஆகிவிடாது. ஒரு லேப்டாப்பில் ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் கெடுநிரல்) வந்தால், அந்த லேப்டாப்புக்கு எழுதும் உரிமை உள்ள நெட்வொர்க் ஃபோல்டர்களையும் அது பூட்டிவிடும். படங்களையும் ஆவணத்தையும் படிக்க மட்டும் என்று வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். வரவு ஃபோல்டர் போனால் ஒரு வாரச் சரக்குதான் போகும். மாதம் ஒருமுறை வெளி ஹார்டு டிஸ்கில் நகல் எடுத்து, டிஸ்கைக் கழற்றிப் பீரோவில் வையுங்கள். மாட்டியே வைத்திருக்கும் டிஸ்கும் டெஸ்க்டாப்போடு சேர்ந்தே போகும்.

லேப்டாப் தொலைந்தாலோ விற்றாலோ அன்றே டெஸ்க்டாப்பில் அந்த ஆளின் அக்கவுண்ட் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். ஆளுக்கு ஒரு அக்கவுண்ட் வைத்ததன் பலன் இங்கே தெரியும், மற்றவர்கள் யாரும் எதையும் மாற்ற வேண்டியதில்லை. விற்பதாக இருந்தால் கொடுக்கும் முன் கிரெடென்ஷியல் மேனேஜரில் கூடத்தின் பதிவை நீக்கி, மேப் செய்த டிரைவைத் துண்டித்து, பிறகு ரீசெட் போடுங்கள். ஒரு ஃபோல்டரை இனி ஷேர் செய்ய வேண்டாம் என்றால் அதே அட்வான்ஸ்டு ஷேரிங் பெட்டியில் ஷேர் திஸ் ஃபோல்டர் டிக்கை எடுத்தால் போதும். ஃபைல்கள் அப்படியே இருக்கும், வெளிக்கதவு மட்டும் மூடும்.